நூற்றிருபது வளையங்கள்

"தூண் கம்பியைச் சுத்திக் கட்டற வளையம், நூத்தி இருபது, சார். என் புது வீட்டுக்கு வாங்கி வெச்சது. பூட்டின ஷெட்லேர்ந்து போயிருக்கு. சாவி என்கிட்ட ஒண்ணு, இந்த மகராசன்கிட்ட ஒண்ணு. வேற யாரைச் சொல்றது?"

கான்ட்ராக்டர் சொல்லச் சொல்ல, ஏட்டு எழுதிக்கொண்டார். மகராசன் என்று கேலி செய்யப்பட்ட கம்பி மேஸ்திரி, பாதி எழும்பியிருந்த பள்ளிக்கூடத்தின் படிக்கட்டருகே நின்றிருந்தார்.

"கையை நீட்டுடா!" என்று கான்ட்ராக்டர் அதட்டினார்.

பத்து விரலிலும் கீறல்.

"பார்த்தீங்களா? அவசர அவசரமா அள்ளியிருக்கான். முப்பது வருஷமா கம்பியோட கிடக்கிறான், ஒழுங்காத் திருடக்கூடத் தெரியல!"

மேஸ்திரி கையை மடக்கிக்கொண்டார். கான்ட்ராக்டருக்கு மனசு குளிர்ந்தது. போன வாரம் முழுக்க இவனுடைய தொணதொணப்புதான்: "பீமும் தூணும் சேர்ற ஜாயின்ட் இறுக்கமா இருக்கணும், முதலாளி. கட்டடம் ஆடினா அங்கதான் முதல்ல விட்டுப்போகும். புள்ளைங்க உக்கார்ற இடம்." கம்பி கட்டுகிறவனுக்கு இன்ஜினீயர் என்று நினைப்பு! இனி ஜெயில் சுவருக்கு உபதேசம் செய்யட்டும்.

"பொருள் எங்கேய்யா?" என்றார் ஏட்டு.

"இன்ஜினீயரம்மா வரட்டும் சார். அவங்க முன்னாடியே காட்டறேன்."

"காட்டட்டும், காட்டட்டும். நாளைக்குக் கான்கிரீட். மேல பார்க்க அவங்க எப்படியும் இப்ப வருவாங்க" என்று கான்ட்ராக்டர் சிரித்தார். முட்டி வலியைச் சாக்கு வைத்து அவர் மாடி ஏறிப் பத்து நாளாகிறது.

வாசலில் இன்ஜினீயரம்மாவின் கார் நின்றது. ஏட்டு எழுந்து அந்தப் பக்கம் போனார்.

"எங்கடா ஒளிச்சு வெச்சிருக்கே?" என்றார் கான்ட்ராக்டர்.

மேஸ்திரி மேலே கையைக் காட்டினார்.

"பதினஞ்சு ஜாயின்ட். ஒண்ணொண்ணுலயும் எட்டு. வரைபடத்துல அப்படித்தான் இருக்கு. சாப்பாட்டு நேரத்துல, நெருக்கமான கம்பிக்குள்ள கையை விட்டுக் கட்டினேன். நீங்கதான் ஒண்ணுகூட வைக்க விடாம, பள்ளிக்கூடத்துக்கு வந்த வளையத்தை உங்க வீட்டுக்குன்னு ஒதுக்கிட்டு, எல்லாம் கட்டியாச்சுன்னு போன வாரமே இன்ஜினீயரம்மாகிட்ட கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டீங்க."

செருப்புச் சத்தம் நெருங்கியது. கான்ட்ராக்டர் மேஸ்திரியின் கீறல் விழுந்த கைகளை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

"அண்ணே… பழைய இரும்புக் கடையில வித்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்?"