ஈரம் புகுந்த வழி

கண்ணைத் தவிர வேறெதுவும் தெரியாதபடி முகத்தை மூடிக்கொண்டுதான் அவள் அந்த ஐஸ்கிரீம் தொழிற்சாலைக்குள் நுழைந்தாள். தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டிருந்தாள். முகக்கவசத்தை இன்னொரு தடவை சரிபார்த்துக்கொண்டாள்.

"காஸ் வேலைன்னா இவ்வளவு மூடிக்கணுமாம்மா?" என்று கேட்டார் மெஷின் அறையைத் திறந்துவிட்ட ஆபரேட்டர்.

"பாதுகாப்புக்குத்தாண்ணே."

பொய்யில்லை. ஆனால் அவள் பயந்தது காஸுக்கு அல்ல, முதலாளியம்மாவுக்கு. அந்த அம்மாள் அவளுடைய மாமியார். "அவளைக் கூட்டிக்கிட்டு என் வீட்டு வாசப்படி ஏறாத" என்று, காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட மகனைத் திருப்பி அனுப்பியவர். மருமகளைப் போட்டோவில் பார்த்ததோடு சரி.

ஒர்க்‌ஷாப்பில் கூட வேலை பார்க்கும் மற்ற மெக்கானிக்குகள் வெளியூர் வேலைக்குப் போயிருந்தார்கள். வேறு வழியில்லாமல் இவள் கிளம்ப வேண்டியதாயிற்று. வழியிலேயே கணவனுக்குப் போன் செய்தாள்.

"ஒர்க்‌ஷாப்ல வேலைன்னு மட்டும்தான் அம்மாகிட்ட சொல்லியிருக்கேன். நீ அங்க ஆபீஸ்ல கணக்கு எழுதறதா நினைச்சிருப்பாங்க. நீ மாஸ்க்கை மட்டும் கழட்டாத. போனோமா, வந்தோமான்னு இரு" என்றான் அவன்.

மெஷின் பண்ணிய சேட்டை வேடிக்கையாக இருந்தது. போட்டவுடன் ஜோராகக் குளிரும். கொஞ்ச நேரத்தில் மூச்சடைத்தது போல் நின்றுவிடும். அணைத்து வைத்துவிட்டுப் போட்டால் மறுபடி குளிரும். குளிரூட்டும் காஸ் ஓடும் குழாயிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாக அவள் உள்ளே பார்த்தாள். ஈரம் இல்லாவிட்டால் பச்சையாக இருக்க வேண்டிய புள்ளி, பழுத்த இலை மாதிரி மஞ்சளாக இருந்தது.

"என்ன வியாதியாம்?"

பின்னால் முதலாளியம்மா நின்றிருந்தார். கம்பளிக் கோட்டு, கையில் சாவிக் கொத்து, ஆளை எடை போடுகிற பார்வை.

அவள் குரலைக் கொஞ்சம் கரகரப்பாக்கிக்கொண்டாள். "காஸ்ல ஈரம் கலந்திருக்குங்க. சொட்டுத் தண்ணி போதும். இந்தக் குளிர்ல ஐஸாகி, காஸ் போற சின்ன ஓட்டையை அடைச்சிடும். நிறுத்தினா உருகி வழி விடும். அதான் இந்தக் கண்ணாமூச்சி."

"சரி பண்ணிடலாமா?"

"காஸ் முழுக்க வெளியே எடுத்து, நான் கொண்டு வந்திருக்கற மெஷின்ல விட்டு, ஈரத்தையும் அழுக்கு எண்ணெயையும் பிரிக்கணும். குழாயைக் காயவைக்கணும். அப்புறம்தான் திரும்ப ஏத்த முடியும். சாயங்காலம் ஆயிடும்."

"ஆகட்டுமே. எனக்கென்ன அவசரம்?" முதலாளியம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு குழாய் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தாள். எங்கும் ஒரு குமிழிகூடக் கிளம்பவில்லை.

"கசிவே இல்லையே. அப்புறம் ஈரம் எப்படிப் போச்சு? யாராவது வால்வைத் திறந்தீங்களாண்ணே?"

"நான் தொடவே இல்லம்மா" என்ற ஆபரேட்டர், கூரையில் ஏதோ எழுதியிருப்பதைப் போல அண்ணாந்து பார்த்தார்.

"பழைய மெஷின். எங்கேயாவது தண்ணி போட்டிருக்கும்" என்றார் முதலாளியம்மா, முகத்தில் சிரிப்பைக் காட்டாமல்.

முகக்கவசத்துக்குள் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். இந்த அம்மாளுக்கு இப்படியும் பேச வரும் என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை.

காஸ் சிலிண்டருக்குள் இறங்க ஆரம்பித்தது. ஸ்டூல் நகர்வதாக இல்லை.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆச்சுங்க."

"மாமியார் எப்படி?"

ஸ்பானர் அவள் கையிலிருந்து நழுவிக் காலருகே விழுந்தது. "இன்னும் பழகலைங்க. கோபக்காரங்கன்னு எங்க வீட்டுக்காரர் சொல்வாரு."

"அவன் சொல்லுவான். நீ என்ன நினைக்கற?"

அவள் ஸ்பானரை எடுத்துத் துடைத்தாள். இந்தக் கேள்விக்கு மட்டும் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"ஒத்தை ஆளா நின்னு புள்ளையை வளர்த்தவங்க. கேக்காம கல்யாணம் பண்ணிக்கிட்டா கோபம் வரத்தானே செய்யும்? எனக்கு அவங்க மேல வருத்தம் இல்லைங்க. ஒரு நாள் எதிரெதிர உட்கார்ந்து பேசினாப் போதும்னு இருக்கு."

முதலாளியம்மா ஸ்டூலை விட்டு எழுந்தார். உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் ஐஸ்கிரீம் கொண்டு வந்து நீட்டினார். "சாப்பிடு."

முகக்கவசத்தைக் கழற்றாமல் எப்படிச் சாப்பிடுவது? "சளிங்க" என்றாள் அவள்.

"இங்க வந்து ஐஸ்கிரீம் வேண்டாம்னு சொன்ன மொத ஆளு நீதான்" என்ற முதலாளியம்மா, திரும்பவும் ஸ்டூலில் உட்கார்ந்து அதைத் தானே சாப்பிட்டு முடித்தார்.

சாயங்காலம் சுத்தமான காஸை ஏற்றி மெஷினைப் போட்டாள். கண்ணாடிக்குள் புள்ளி மெல்ல மெல்லப் பச்சைக்கு வந்தது. குளிர் நிற்கவே இல்லை. ஐஸ்கிரீம் வைக்கும் குளிர் அறைக்குள் போய் வந்த ஆபரேட்டரின் மீசையில் பனி ஒட்டியிருந்தது. அவரைப் பார்த்து இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள்.

அவள் கருவிகளை அள்ளிப் பையில் போட்டாள். ஒரு வழியாகத் தப்பித்தோம் என்று நிம்மதியாக இருந்தது. அந்த ஸ்டூலை விட்டுப் போவதில் சின்னதாக ஒரு வருத்தமும் இருந்தது.

"வர்றேங்க."

வாசல் வரை கூடவே வந்த முதலாளியம்மா, அவள் தொப்பியைச் சற்றே மேலே தூக்கிவிட்டார்.

"அடுத்த தடவை என் புள்ளையையும் கூட்டிக்கிட்டு நேரா வீட்டுக்கே வாம்மா. நீ மட்டும் இருக்கற நாளாக் கேட்டு வெச்சுக்கிட்டு அந்த வால்வைத் திறக்கறதுக்குள்ள எனக்குக் கை விட்டுப்போச்சு."