மெஷினோட வந்த நாற்காலி

"நாற்காலியை மெஷின்னு எழுத முடியாது சார்."

கணக்கு மேடம் மறுபடியும் சொல்லிட்டாங்க. தையல் யூனிட் முதலாளி வழுக்கையைத் தடவிக்கிட்டார். 

யூனிட்டுக்குப் புதுசா கணக்கு சாஃப்ட்வேர் வாங்கியிருந்தாங்க. முதல் வேலையே யூனிட்ல இருக்கிற நிலையான சொத்தை எல்லாம் அதுல ஏத்தறது. என்ன சாமான், எப்ப வாங்கினது, என்ன விலை, வருஷத்துக்கு எவ்வளவு தேய்மானம். ஏத்தினதும் பேர் போட்ட ஸ்டிக்கர் ஒண்ணு வெளிய வரும். அதைக் கொண்டுபோய் அந்தச் சாமான் மேல ஒட்டணும்.

தையல் மெஷின், இஸ்திரி மேஜை, ஃபேன் எல்லாம் சமத்தா ஏறிடுச்சு. துணி வெட்டுற மெஷின்கிட்ட வந்ததும்தான் மக்கர். அதுக்குப் பின்னால ஒரு நாற்காலி. நல்ல உயரம், மெத்தை, முதுகுக்குச் சாய்மானம். முதலாளியே உக்கார்றது ஒரு ஆடுற ஸ்டூல்ல.

"ஃபர்னிச்சர் கடை பில்லு தனியா இருக்கே சார்?"

"இருக்கட்டும் மேடம். மெஷின் விலையோட சேர்த்து ஒரே வரியா போட்டுடுங்க. நாற்காலிங்கிற பேரே வரக்கூடாது."

மேடத்துக்குப் புரிஞ்சுபோச்சு. மெஷின்னா தேய்மானம் ஜாஸ்தி, வரி குறையும். ஒரு நாற்காலியில கூடவா ஆட்டையப் போடணும்?

"தப்புன்னு தெரிஞ்சே பண்ண மாட்டேன் சார். வேற ஆளைப் பாத்துக்கோங்க." லேப்டாப்பை மூடிட்டாங்க.

முதலாளி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். கட்டிங் மாஸ்டர் வெளிய போன்ல பேசிக்கிட்டிருந்தார். இவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கிட்டு மெதுவா ஆரம்பிச்சார்.

மாஸ்டருக்கு முழங்கால் போயிடுச்சாம். காலையில ஒரு சைஸ், சாயங்காலம் ஒரு சைஸாம். உக்காந்து வெட்டுங்கன்னு முதலாளி கெஞ்சினாராம்.

"அதுக்கு என்ன சொன்னார் தெரியுமா? 'நிக்க முடியாதவனுக்கு இங்க என்னய்யா வேலை? கணக்கை முடிச்சுடு.'" குரல் அப்படியே மாஸ்டரோட கரகரப்பு. "பாவம் பாத்துக் குடுத்தா கிளம்பிடுவார் மேடம். அதான் ஒரு புளுகு விட்டேன். இது மெஷினோட வந்த பாகம், இந்த உயரத்துல உக்காந்து ஓட்டினாத்தான் பிளேடு நேரா போகும்னு கம்பெனிக்காரன் சொன்னான்னு. உங்க ஸ்டிக்கர்ல நாற்காலின்னு பாத்துட்டார்னா தொலைஞ்சேன். வரிதானே, எவ்வளவு வேணா போட்டுக்கோங்க."

மேடம் அந்த நாற்காலியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாங்க. அப்புறம் லேப்டாப்பைத் திறந்தாங்க. நாற்காலியைத் தனியா ஏத்தி, ஃபர்னிச்சர் பிரிவுலயே வெச்சு, தேய்மானமும் அதுக்கு உண்டானதைத்தான் போட்டாங்க. பேர் மட்டும் நம்ம இஷ்டம்தானே? 'வெட்டும் மெஷின், பாகம் இரண்டு.'

ஸ்டிக்கரோட போனப்போ மாஸ்டர் திரும்பி வந்து உக்காந்திருந்தார். முதலாளி அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கிட்டு, ஏற்கெனவே எண்ணி வெச்ச பட்டனை மறுபடி எண்ணிக்கிட்டிருந்தார்.

"என்னம்மா ஒட்டற?"

மேடம் படிச்சுக் காட்டினாங்க. மாஸ்டர் நம்பாம, கண்ணாடியை ஏத்திக்கிட்டு குனிஞ்சு தானும் ஒரு தடவை படிச்சார். பெருமூச்சு விட்டு, முதலாளி காதுல விழாம குரலை இறக்கினார்.

"நல்லவேளை. நாற்காலின்னு போட்டுடுவியோன்னு பயந்துட்டேன்."

மேடம் கை அந்தரத்துல நின்னுது.

"மெஷினை இறக்கறப்போ வண்டி பக்கத்துலயே நின்னவன்மா நான். இது மறுநாள் வேற வண்டியில வந்துச்சு." குரல் இன்னும் இறங்குச்சு. "எனக்குத் தெரியும்னு அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சா, நான் ரோஷத்தோட எழுந்து போயாகணும். நான் போயிட்டா, பாவம், அவர் வெட்டுற பேன்ட்டுக்கு மூணு கால் வரும்."