மோட்டார் படகின் மரியாதை

“கட்டிக் கிடக்கிற தோணியைத் தாண்டும்போது வேகத்தைக் குறைக்கத் தெரியாதவன் எவன்டா?” என்று கால்வாய்க்கரை முளைக்குச்சி கத்தியது. அலை மோதி மோதி அது சேற்றிலிருந்து பாதி வெளியே வந்துவிட்டது. இன்னொரு அலை வந்தால் போச்சு. அதில் கட்டியிருக்கும் தோணி பானைச் சுமையோடு மதகில் போய் மோதும்.

“கத்தாதீங்கண்ணே,” என்றது தோணி. “அந்த மோட்டார் படகு போறப்பெல்லாம் ஹாரன் அடிச்சு வணக்கம் சொல்லுதே.”

“வணக்கம் சொன்னா அலை வராதா? ஏற்கெனவே நாலு பானை உடைஞ்சாச்சு. நீயும் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறே!”

தூரத்தில் போய்க்கொண்டிருந்த மோட்டார் படகின் காதில் இது விழுந்தது. பாவம், அதற்கு மனசு கேட்கவில்லை.

“ஐயோ அண்ணே, இத்தனை நாளா யாருமே சொல்லலையே! இதோ வந்து மன்னிப்புக் கேட்டுடறேன்!” என்று ஹாரன் அடித்தபடி முழு வேகத்தில் திரும்பி வந்தது.

அந்த அலையில் முளைக்குச்சி பிடுங்கிக்கொண்டது. தோணி மதகை நோக்கி நகர்ந்தது. கயிற்று நுனியில் மிதந்தபடியே முளைக்குச்சி அலறியது:

“மன்னிப்பெல்லாம் அப்புறம் கேளு! முதல்ல கயித்தைப் பிடிச்சு எங்களைக் கரையில கொண்டுபோய் விடு. மெதுவாடா, மெதுவா!”