மாதாவின் பெயருக்கு ஓர் இடம்

லிஸ்பனின் காலை வெயில் ஜன்னல் வழியாக ஆட்டுத்தோலின் மேல் விழுகிறது. தோலில் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரை பாதி வரையப்பட்டிருக்கிறது. கப்பலிலிருந்து கண்ட நாளுக்குரிய புனிதரின் பெயரே அந்தந்த நிலமுனைக்குப் பெயர். பெயர்கள் கரையோரமாக மீன்முள் போல வரிசையாக நிற்கின்றன. கணவன் இறந்த பிறகு வரைபடக் கூடத்தைத் தானே நடத்தும் பிரியோலான்ஜா, இறகுப் பேனாவை மையில் தோய்த்துக் காத்திருக்கிறாள். எதிரே கப்பலோட்டி லோப்பு தொப்பியைக் கசக்கிக்கொண்டிருக்கிறார். திங்கட்கிழமை அவருடைய மருமகன் இந்தப் படத்தை நம்பித்தான் கப்பலேறுகிறான். "டிசம்பர் ஆறாந்தேதி பார்த்தது நிக்கோலாஸ் முனை. பதிமூணாந்தேதி லூசியா முனை. நடுவுல நேர்கரைதான், ஒரே இழுப்பா இழுத்து விடும்மா" என்கிறார். பேனா அசையவில்லை. "எட்டாந்தேதி மாதா திருநாளாச்சே! அன்னிக்கு ஒரு பாறைக்குக்கூட அவ பேரை வைக்காம வந்தீங்களா? அதென்னய்யா போர்ச்சுகல் கப்பல்?" வெளியே ஆற்றின் மேல் கடற்காகங்கள் கத்துகின்றன. லோப்புவின் காது மடல் சிவக்கிறது. "மூடுபனிம்மா. ஆறு நாளும் கரையே கண்ணுல படல." அவள் சிரித்தபடி நிக்கோலாஸ் முனையோடு கோட்டை நிறுத்துகிறாள், இரண்டு விரற்கடைத் தோலை வெறுமையாக விட்டுவிட்டு, லூசியா முனையிலிருந்து மறுபடி தொடங்குகிறாள். "இப்படி ஓட்டையா கொடுத்தா மருமகன் என்ன நினைப்பான்?" என்கிறார் லோப்பு. "மாமனாருக்குத் தெரியலைன்னு நினைப்பான். ஜாக்கிரதையா போவான்." ஈர மை உலர மணலைத் தூவி ஊதுகிறாள். "மாதா பேரு இன்னும் எந்த முனைக்கும் வைக்காம அப்படியேதான் இருக்கு. அவனையே அந்தக் கரையைப் பார்த்துட்டு வந்து வைக்கச் சொல்லுங்க. இடம் விட்டிருக்கேன்."