நூற்று இருபத்திரண்டு டிகிரி

சீட்டை நான்காக மடித்து, ஆல்வினின் சட்டைப் பையில் பேராசிரியரே செருகினார்.

ஆல்வின் எடுத்துப் பிரித்தான். வாசித்தான். மறுபடியும் வாசித்தான்.

"சார், இத அவகிட்ட முன்னமே சொல்லியிருக்கலாம்லா?"

"வாசிக்கச் சொன்னா வாசிலே. நீ என்ன அவளுக்கு மாமனா?"

ஆல்வின் சிரிக்க முயன்றான்.

கேள்வி நேரத்தில் அரங்கம் ஊமையாக உட்கார்ந்திருக்கக் கூடாது. சிறப்பு விருந்தினர் முன்னால் அது அவமானம். அதனால் மாநாட்டை நடத்துகிற அவரே கேள்விகளை எழுதித் தன் மாணவர்களிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுவார். இளநிலை வேதியியல் மாணவர்களுக்கான இந்த மாநாட்டில் ஆறு வருடமாக அதுதான் வழக்கம். எல்லாம் எளிய கேள்விகள். யாருக்கும் வலிக்காது.

இந்த ஒரு சீட்டைத் தவிர.

கல்லூரிகள் பன்னிரண்டு. கட்டுரைகள் நாற்பது. பரிசு ஒன்றே ஒன்று. சிறப்பு விருந்தினர் டாக்டர் வசுமதியின் பெங்களூர் ஆய்வகத்தில், கோடையில் இரண்டு மாதம்.

ஆறு வருடமும் அது வெளிக் கல்லூரிக்குப் போனது. பந்தல் போட்டவர் வாசலில் நின்று வழியனுப்பினார்.

இந்த வருடம் போட்டியில் அவருக்கு ஆல்வின் இருந்தான்.

ஆல்வினைவிடக் கெட்டிக்காரி ஒருத்தியும் இருந்தாள்.

மாரிச்செல்வி மேடை ஏறினாள். அரசுக் கல்லூரி, கடைசி வருடம். பெங்களூர் கிடைத்தால் மேலே படிப்பாள். கிடைக்காவிட்டால் ஜூன் முதல் தேதி நூற்பாலையில் வேலைக்குச் சேர வேண்டும். ஆர்டர் வந்து வீட்டில் இருக்கிறது.

தாளைப் பார்க்காமல் பேசினாள். பென்சாயிக் அமிலத்திலிருந்து ஒரு புதுச் சேர்மம். வினையூக்கி வெறும் எலுமிச்சைச் சாறு. கிடைத்தது ஊசி ஊசியாக வெள்ளைப் படிகம். உருகுநிலை நூற்று இருபத்திரண்டு டிகிரி.

"கேள்விகள் உண்டா?" முன்வரிசையிலிருந்து மைக்கில் பேராசிரியர் கேட்டார்.

ஆல்வின் எழுந்தான். சீட்டைப் பார்த்தே வாசித்தான்.

"உங்க சேர்மத்தோட உருகுநிலை நூத்தி இருபத்திரண்டு. பென்சாயிக் அமிலத்தோட உருகுநிலை என்ன?"

முன்னால் யாரோ ஒருவர் சிரித்தார். சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போனது. முதல் வருடப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமான எண் அது.

எந்த வினையும் நடக்கவில்லை. போட்ட அமிலமே திரும்பி வந்திருக்கிறது. அதைக் கழுவி, காயவைத்து, அவள் அதற்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறாள்.

"நூத்தி இருபத்திரண்டு," என்றாள்.

வசுமதி சிரிக்கவில்லை. "உனக்கு சந்தேகமே வரலையாம்மா? யார்கிட்டயும் கேக்கலையா?"

"கேட்டேன் மேடம்."

மூன்று வாரத்துக்கு முன்னால் கேட்டாள். பேராசிரியரிடம்தான். அவர் எழுதிய பாடப்புத்தகத்தைத்தான் மூன்று வருடமாகப் படித்தாள்.

'ஐயா, இரண்டு உருகுநிலையும் ஒன்றாக இருக்கிறது. எங்கள் மிஸ் மறுபடி செய்யச் சொல்கிறார். செய்யட்டுமா?'

இரண்டு நிமிடத்தில் பதில் மெயில் போட்டார்.

'இரு வேறு பொருள்களுக்கு ஒரே உருகுநிலை இருக்கலாம். மறுபடி செய்ய வேண்டாம். அப்படியே வா. வாழ்த்துகள்.'

"கேட்டதுக்கு என்ன சொன்னாங்க?" வசுமதி விடவில்லை.

"தப்பில்ல, அப்படியே வான்னு சொன்னாங்க."

சிரிப்பு நின்றது.

"யாரு சொன்னாங்க?"

மாரிச்செல்வி முன்வரிசையைப் பார்த்தாள்.

அவரும் அவளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் நிதானமாகத் துடைத்தார்.

வருகிற புதன்கிழமை அவளுடைய கல்லூரியில் வாய்மொழித் தேர்வு. வெளித்தேர்வாளராகப் போகிறவர் அவர்தான். அதில் தவறினால் பட்டம் இல்லை.

அது அவளுக்கும் தெரியும்.

அவள் பார்வை நகர்ந்தது. நடுவரிசைகளைத் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போனது.

அங்கே முத்துக்கனி மிஸ் உட்கார்ந்திருந்தார். அவளுக்கு ஆய்வு வழிகாட்டி. கௌரவ விரிவுரையாளர். ஒவ்வொரு மே மாதமும் புதுப்பித்தால்தான் வேலை. மறுபடி செய்து பார் என்று மூன்று தடவை சொன்னவர். விடியற்காலை பஸ்ஸில் இவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, மூன்று மணி நேரம் நின்றுகொண்டே வந்தவர்.

"எங்க மிஸ்தான் மேடம்."

மிஸ்ஸுக்குச் சட்டென்று விளங்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்த பிறகுதான் எழுந்தார்.

வாயைத் திறந்தார். மேடையில் நின்றவளின் கண்கள் பயந்து பயந்து முன்வரிசையில் யாரிடம் போய் வருகின்றன என்பது அங்கிருந்தே தெரிந்தது.

"ஆமா மேடம். நான்தான் சொன்னேன்."

"நீங்கல்லாம் எப்படி பாடம் எடுக்கறீங்க?"

முந்நூறு தலைகள் பின்னால் திரும்பின.

முன்வரிசையில் பேராசிரியருடைய தலையும்.