கன்னத்துப் பொத்தான்

கணினித் திரையில் வெளிச்சம் எழுத்தெழுத்தாக நகரும். நாக்கும் கைகாலும் அசையாத நான், வேண்டிய எழுத்து வந்ததும் கன்னத்தால் பொத்தானை அழுத்துவேன். கோல் மார்க்கெட் பகுதியில் இருக்கும் கமலி, தன் கணவர் இறந்த பிறகு எங்களுக்குக் கொடுத்த கணினி இது. அவரும் என்னைப் போல இதில்தான் எழுதினார்.

இன்று முதுகு வலி. 'மு' விழுந்ததுமே என் மனைவி வத்சலா, “முகம் துடைக்கணுமா? இருங்கோ” என்று துடைத்துவிட்டாள். மறுபடி 'மு' அழுத்தினேன்.

“அதான் துடைச்சாச்சே.” தரை துடைக்க வசதியாகப் பொத்தானின் வயரையும் பிடுங்கினாள்.

வெளிச்சம் நிற்கவில்லை. திரையில் 'க' விழுந்தது.

“கஞ்சியா?” என்றவள் தன் கையிலிருந்த வயரைப் பார்த்தாள்.

'கமலி, இன்னிக்காவது முழுசா எழுத விடு.'

கடைசி எழுத்துவரை வத்சலா குறுக்கே பேசவில்லை.

எனக்கு முதுகு இன்னும் வலிக்கிறது.