நடுப்பெட்டி

அலுவலக வரவேற்பறையில் வைக்க ஒரு பாம்பைத் தேர்ந்தெடுப்பதற்காக, செல்லப்பிராணிக் கடைக்காரர் மூன்று கண்ணாடிப் பெட்டிகளைக் கொண்டுவந்து கமலவேணியின் மேசைமேல் வைத்தார். பதினோரு வருடங்களாக அவள் உட்கார்ந்திருக்கும் மேசை. “மூணுமே விஷமில்லாததுங்க,” என்றார். அவள் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். தன் தம்பி பாம்பு கடித்துச் செத்ததை அந்த அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் ஸ்டெல்லாவிடம் மட்டும்தான் ஒருநாள் அழுதபடி சொல்லியிருந்தாள். மேலாளர் குரலைத் தணித்துக்கொண்டு, “உங்க தம்பி விஷயம் ஸ்டெல்லா சொன்னாங்கம்மா. பயமா இருந்தா ஃபைல் ரூமுக்கு மாத்திடறேன். இந்த சீட்டை அவங்களே பார்த்துக்கறாங்களாம். பாம்பு வைக்கிற யோசனையும் அவங்களோடதுதான்,” என்றார். கமலவேணி திரும்பிப் பார்த்தாள். “உங்க நல்லதுக்குத்தான்க்கா,” என்றாள் ஸ்டெல்லா, பெட்டிகளிலிருந்து கண்ணை எடுக்காமல். கமலவேணி நாற்காலியை விட்டு எழவில்லை. நடுப்பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கையை உள்ளே விட்டாள். பாம்பு குளிர்ந்து, உலர்ந்து, மெதுவாக அவள் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. கன்னத்தில் வழிந்த கண்ணீரை அவள் துடைக்கவில்லை. “இதையே எடுங்க சார். நான் இங்கேயே இருக்கேன்,” என்றாள். பிறகு பாம்போடு கையை ஸ்டெல்லாவின் பக்கம் நீட்டினாள். “பிடிச்சுப் பாரேன்.”